கம்பெனி கைவிட்டுப் போன சாம்சங் லேசர் பிரிண்டரை வீட்டில் வைத்திருக்கலாமா?

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் 2013-ல் வாங்கிய சாம்சங் எம்எல்-2161 லேசர் பிரிண்டர் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் அவர் மனைவி எடுக்கும் டியூஷனுக்குக் கேள்வித்தாள் போடவுமாக மாதம் நூறு பக்கம் ஓடுகிறது, அச்சு இன்னும் நன்றாகக் கறுப்பாகத்தான் வருகிறது, சமீபமாகத் தாளை இழுக்க மட்டும் அடம் பிடிக்கிறது. டோனர் என்கிற அச்சுப் பவுடருக்குப் போன கடையில் "அந்தக் கம்பெனிக்காரன் பிரிண்டரை விட்டுட்டு எப்பவோ போயிட்டான் சார், இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குங்க" என்றிருக்கிறார்கள். டிவி, ஃபிரிட்ஜ், போன் என்று எல்லாமும் செய்கிற கம்பெனியிடம் பிரிண்டர் வாங்கியதே தப்பா, இனி வாங்கினால் யாரிடம் வாங்குவது என்பது அவர் கேள்வி. எனக்குப் புரிந்தவரை அவர் கேட்பது கம்பெனியைப் பற்றி மட்டும் இல்லை. இந்த மிஷின் சாகும்வரை இதற்குப் பவுடரும் சாமானும் கிடைக்குமா, யாராவது இதைத் திறந்து பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் 2005-லிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அண்ணனிடம் தொழில் கற்றேன், கலெக்டர் ஆபீஸ், கோர்ட் பக்கத்து டைப்பிங் கடைகள், வக்கீல் வீடுகள் எல்லாம் எங்கள் வாடிக்கை. இப்போது பாண்டியில் சொந்தமாக ரீஃபில், சர்வீஸ். என் கை பழகியது கறுப்பு வெள்ளை லேசர் மட்டுமே. கலர் லேசர், இங்க் டேங்க் பற்றி நான் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. சாம்சங் பிரிண்டர் தொழிலை மூடவில்லை, விற்றது. 2016 செப்டம்பரில் ஹெச்பிக்கு விற்பதாக அறிவித்தார்கள், விலை 105 கோடி டாலர், 2017 நவம்பரில் கைமாறி முடிந்தது. அதனால் உங்கள் மிஷினைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடினால் இப்போது ஹெச்பியின் தளத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஹெச்பி "லேசர்ஜெட்" என்று போடாமல் வெறும் "லேசர்" என்ற பெயரில் இறக்கிய 108, 136 போன்ற மிஷின்களைத் திறந்து பார்த்தால் உள்ளே சாம்சங் வம்சம்தான். பெயர் போனது, குடும்பம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிண்டர் உலகில் மூடியில் ஒட்டிய பெயருக்கும் உள்ளே இருக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1984-ல் ஹெச்பி தன் முதல் லேசர்ஜெட்டை இறக்கியபோது உள்ளே இருந்தது கேனானின் எஞ்சின். டெல் 1100 என்று ஒரு மிஷின் வந்தது, அது சாம்சங் எம்எல்-1610. ஜெராக்ஸ் பேசர் 3020-ஐக் கழற்றினால் சாம்சங் எம்2020. நாங்கள் மிஷின் வந்ததும் முன் மூடியைப் படிக்க மாட்டோம், திறந்து பவுடர் அடைத்த கார்ட்ரிட்ஜை உருவிப் பார்ப்போம். கார்ட்ரிட்ஜ்தான் அதன் ஜாதகம்.

எல்லாமும் செய்கிற கம்பெனி என்றால் பிரிண்டரில் அரைகுறையாகத்தான் இருப்பான் என்று சிலர் சொல்வது என் அனுபவத்தில் சரியில்லை. சாம்சங் 1938-ல் கொரியாவின் டேகு நகரில் கருவாடும் நூடுல்ஸும் விற்கிற வியாபாரமாகத் தொடங்கியது, கடலூர் துறைமுகத்தில் கருவாட்டு மூட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. அதே 1938-ல்தான், அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் பவுடரை மின்சாரத்தால் ஒட்டவைத்து முதல் நகலை எடுத்தார். இன்று நம் வீட்டு லேசர் பிரிண்டர் வரை எல்லாமே அந்த வித்தைதான். பிரதர் கம்பெனி 1908-ல் தையல் மிஷின் ரிப்பேரில் ஆரம்பித்தது. கியோசெரா 1959-ல் பீங்கான் பாகங்களில் ஆரம்பித்தது. கேனான் கேமராக்காரர்கள். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். அதனால் நான் பார்ப்பது, அந்த வீட்டில் பிரிண்டர் மூத்த பிள்ளையா அல்லது ஒட்டுத்திண்ணையில் படுக்கிற பிள்ளையா என்பதை. ஹெச்பி 2015 நவம்பரில் இரண்டாகப் பிரிந்த பிறகு கம்ப்யூட்டரும் பிரிண்டரும்தான் அவர்கள் சோறு, பிரிண்டரை விட்டால் வீடே காலி. சாம்சங்குக்கு போனும் மெமரி சிப்பும் திரையும் இருந்தன, பிரிண்டரை விற்றதால் அடுப்பு அணையவில்லை. இதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், நெல்லிக்குப்பம் பக்கம், என் பேச்சைக் கேட்டு ஸ்கேனர், ஃபேக்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரு லேசர் மிஷின் வாங்கினார். வீட்டுச் சாமான் பலதும் செய்கிற ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். அருமையான மிஷின், சத்தமே இருக்காது. நான்கு வருடம் கழித்து, பவுடரைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பியூசரை ஓட்டுகிற ஒரு பிளாஸ்டிக் கியரில் ஒரு பல் போயிற்று. சுண்டுவிரல் நகம் அளவு பல். சென்னை ரிச்சி தெருவில் தேடினேன், கம்பெனி சர்வீஸில் கேட்டேன், பியூசர் முழுதாக மாற்ற வேண்டும், அது ஸ்டாக் இல்லை என்றார்கள். எங்கள் பக்கம் அந்த மாடல் மொத்தமே பத்து கூட விற்றிருக்காது, அதனால் கழற்றிப் போட இன்னொரு செத்த மிஷினும் கிடைக்கவில்லை. சார் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அதே காலத்தில் கேனான் எல்பிபி-2900-வும் ஹெச்பி 1020-வும் தெருவுக்குத் தெரு இருந்தன. இரண்டுக்கும் 12ஏ வகைக் கார்ட்ரிட்ஜ்தான். இன்றும் அந்தப் பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் டெஃப்லான், பிக்கப் ரோலர், எழுத்தின் உருவம் விழுந்து பவுடர் ஒட்டுகிற உருளையான டிரம், பிளேடு எல்லாம் என் டிராயரிலேயே இருக்கிறது, கம்பெனியைக் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. ஆகவே நம் ஊரில் ஒரு பிரிண்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைச் செய்தவன் தொழிலில் இருக்கிறானா என்பதைவிட, சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டில் அதே மிஷின் இருக்கிறது என்பதுதான். உங்கள் அதிர்ஷ்டம், 2161 நிறைய விற்ற மாடல். அதன் டி101எஸ் கார்ட்ரிட்ஜ், அதற்கான பவுடர், பக்கத்தை எண்ணும் சிப், ரோலர் எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தூக்கிப் போட மாட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 100 பக்கம் என்றால் வருடம் 1,200, இத்தனை வருடத்தில் சுமார் 15,000 பக்கம். சின்ன லேசருக்கு அது பெரிய ஓட்டமே இல்லை. ஓட்டத்தால் தேய்வதைவிட வயதால் கெடுகிறவைதான் இப்போது உங்கள் பிரச்சினை, அதாவது ரப்பர். தாளை இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகும். புதிதாக இருக்கும்போது விரலை வைத்தால் லேசாகப் பிடிக்கும், சொரசொரப்பு தெரியும். பழையது கண்ணாடி வளையல் போல வழுக்கும், அதன் மேல் தாள் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும். சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்து, ரோலரைக் கையால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை துடைத்துவிட்டுக் காயவிடுங்கள். அதற்கு எதிரே இருக்கும் சின்ன பேடையும் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும், மீதிப் பேருக்கு ரோலர் மாற்ற வேண்டும், அது சில நூறு ரூபாய் வேலை.

அப்புறம் தாள். நம் கடற்கரையில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பிரித்து வைத்த தாள் கட்டு இரண்டே நாளில் ஈரம் குடித்துவிடும், கையில் எடுத்தால் மொடமொடப்பு இருக்காது, துணி போல் தொங்கும். அந்தத் தாள் 200 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேறும் பியூசருக்குள் போனால் ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு, ஓரம் மடங்கி ஜாம் ஆகும், எழுத்தும் சில இடத்தில் திட்டுத்திட்டாக வெளுக்கும். மிஷின் கெட்டுவிட்டது என்று மழைக்காலத்தில் என்னிடம் வருகிற பலருக்கு நான் செய்வது, என்னிடம் இருக்கும் புதுக் கட்டிலிருந்து பத்துத் தாளை வைத்து ஓட்டிக் காட்டுவதுதான். டிரேயில் தேவையான அளவு மட்டும் வையுங்கள், மீதியை அதன் உறையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி பீரோவில் வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்று அடுத்த எதிரி. கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஸ்பிரிங் போன்ற உலோக முனைகள் இருக்கும், அதன் வழியாகத்தான் டிரம்முக்கும் ரோலருக்கும் மின்சாரம் போகிறது. கடலுக்குப் பக்கத்து வீடுகளில், முத்தியால்பேட்டை, தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம், அந்த முனைகள் கறுத்துப்போய் அச்சு மங்கலாக வரும், அல்லது கார்ட்ரிட்ஜே இல்லை என்று மிஷின் சொல்லும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே போதும், சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். சிப்பின் தங்க நிற முனைகளையும் அப்படியே துடைக்கலாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு எங்கள் மேஜைக்கு நனைந்த மிஷின்கள் வரிசையாக வந்தன. கரண்ட் வந்ததும் அவசரப்பட்டுப் போட்டுப் பார்த்தவர்களின் போர்டு கருகியிருந்தது, மூடியைத் திறந்து வெயில் படாத காற்றில் நாள்கணக்கில் காயவிட்டவர்களின் மிஷின்களில் பல பிழைத்துக்கொண்டன. கார்ட்ரிட்ஜை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது, டிரம் வெளிச்சத்தில் கெட்டுப் போகும்.

கரண்டைப் பற்றி ஒரு வரி. இன்வெர்ட்டரிலும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸிலும் லேசர் பிரிண்டரை மாட்டாதீர்கள். ஓடும்போது சராசரி 300 வாட் என்று சொன்னாலும் பியூசர் சூடேறும் நொடிகளில் அதைவிட மிக அதிகமாக இழுக்கும், சின்ன யுபிஎஸ் கத்திக்கொண்டே அணைந்துவிடும்.

இனி டோனர். ரீஃபில் செய்யலாமா என்று கேட்டால் நான் அதைச் செய்து பிழைக்கிறவன், அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது. கேனான், ஹெச்பி 12ஏ போன்றவற்றின் பவுடர் காந்தத்தில் ஒட்டும், ஏனென்றால் அதில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது, உள்ளே காந்த ரோலர் அதை இழுத்துத்தான் வேலை நடக்கிறது. சாம்சங், பிரதர் பவுடர் காந்தத்தில் ஒட்டாது, அங்கே ரப்பர் ரோலர். ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் பக்கம் முழுக்கக் கறுப்பு மூட்டமாக வரும், அல்லது ஒன்றுமே வராது, கார்ட்ரிட்ஜும் போய்விடும். உங்கள் ஊர்ப் பையன் எந்த டப்பாவிலிருந்து கொட்டுகிறான் என்று சந்தேகம் வந்தால், ஒரு தாளில் ஒரு சிட்டிகை வாங்கி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பவுடர் காந்தத்தோடு ஓடினால் அது உங்கள் மிஷினுக்கானது இல்லை. அதே போல ரீஃபில் செய்யும்போது பழைய கழிவுப் பவுடரைக் கொட்டிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், கொட்டாமல் போடுகிறவர்களால்தான் இரண்டாவது ரீஃபிலிலேயே தாளின் ஓரத்தில் கறை வழிகிறது. டி101எஸ் சுமார் 1,500 பக்கத்துக்கான கார்ட்ரிட்ஜ், சிப் அதை எண்ணிக்கொண்டே வரும், எண்ணி முடிந்ததும் பவுடர் இருந்தாலும் சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்திவிடும். அதனால் பவுடரோடு சிப்பும் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது, என்று ஏதாவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இந்த வரிசை மிஷின்களில் அப்டேட்டுக்குப் பிறகு வெளிச் சிப்பை ஏற்காமல் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெளிப் பவுடர் மிஷினைக் கெடுக்கும் என்பது சந்தேகத்துக்குரியது. மட்டமான பவுடர் பியூசரில் ஒட்டி, தாளின் பின்பக்கம் பிசிறு விட்டதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பவுடரில் ஒரே கார்ட்ரிட்ஜ் நான்கு முறை ஓடியதையும் பார்த்திருக்கிறேன். நான்குக்கு மேல் டிரம் தாங்குவது அபூர்வம். மேலிருந்து கீழாக ஒரே கறை சுமார் ஏழரை செ.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது டிரம்மின் சுற்றளவு, டிரம்மில் கீறல் விழுந்திருக்கிறது என்று வீட்டிலேயே ஸ்கேலை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இதையும் சொல்கிறேன். பவுடர் கொட்டினால் வெந்நீரோ வீட்டு வேக்குவம் கிளீனரோ வேண்டாம், வெந்நீர் பட்டால் அது உருகி ஒட்டும், வேக்குவம் பையின் நெசவைத் தாண்டி அறை முழுக்க ஊதிவிடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போதும். அச்சடிக்கும்போது மிக நுண்ணிய துகள்கள் வருவது உண்மை. 2007-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 62 பிரிண்டர்களைச் சோதித்ததில் 17 அதிகமாகத் துகள் விட்டன. அது உடம்பை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், மெக்கானிக் இல்லை. மாதம் 100 பக்கத்துக்கு நான் பயப்பட மாட்டேன், ஆனால் பிள்ளைகள் படுக்கிற அறையில் வைக்காமல், ஜன்னல் திறந்த இடத்தில் வைக்கச் சொல்வேன்.

சரி, இனி புதிதாக வாங்க வேண்டி வந்தால். விளம்பரத்தில் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதை விடுங்கள், வீட்டுக்கு எதுவும் போதும். மாடல் பெயரை எழுதிக்கொண்டு, வாங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ரீஃபில் செய்கிற இரண்டு பேரிடம் போய் "இதற்குப் பவுடரும் சிப்பும் இருக்கிறதா, பிக்கப் ரோலர் என்ன விலை" என்று கேளுங்கள். அவர்கள் யோசித்தால் அந்த மாடல் வேண்டாம். ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் விலையை அது தரும் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், மிஷின் மலிவாக இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கணக்கு கசக்கும். பிரதரில் டிரம் தனி, டோனர் தனி, அதனால் பவுடர் தீர்ந்ததற்காக டிரம்மையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கியோசெராவில் டிரம் ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் மிஷின் பெரிது, வீட்டுக்கு அதிகம். என் ஓட்டு, பிரிண்டர் பிரதான தொழிலாக இருக்கிறவனின் நிறைய விற்கிற சாதாரண மாடலுக்கு. நல்ல விலையில் கிடைத்தது என்று யாரும் வாங்காத மாடலை வாங்குவது மட்டும் வேண்டாம்.

ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு ஹெச்பி தளத்திலிருந்து 2161-க்கான டிரைவரை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டர் மாற்றும்போது தேட வேண்டியிருக்காது. பிரிண்டரின் மேலே இருக்கும் பட்டனைப் பச்சை விளக்கு மினுக்கும்வரை, பத்து விநாடி போல அழுத்திப் பிடித்து விடுங்கள், தன் விவரங்களை ஒரு தாளில் தானே அச்சடித்துக் கொடுக்கும், மெக்கானிக்கிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள். ரோலரைத் துடையுங்கள், தீரவில்லை என்றால் மாற்றுங்கள். மாற்றியும் தாள் இழுக்கவில்லை என்றால் உள்ளே ரோலரைத் தட்டிவிடும் சோலனாய்டில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்பஞ்சு வயதாகிப் பிசுபிசுத்துப் போயிருக்கலாம், இந்த வயது மிஷின்களில் அது சகஜம், ஆனால் திறந்து பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. வண்டியில் வைத்து எடுத்துப் போனால் கார்ட்ரிட்ஜை முதலில் உருவி, பழைய துணியில் சுற்றித் தனியாக, படுக்கை வாட்டில் கொண்டு போங்கள். உள்ளேயே விட்டுவிட்டால் குலுங்கலில் பவுடர் கொட்டி, ஒரு வேலைக்குப் போய் இரண்டு வேலை ஆகிவிடும்.